ஓரத்தில் ஒட்டாத கோடு

தோல் தொழிற்சாலையில் என் வேலைக்கு இரண்டு சொல் போதும்: சரி, சரியில்லை. வெளிநாட்டுக்காரர் ஒரு துண்டுத் தோலைச் சாம்பிளாக அனுப்புவார். நாங்கள் சாயம் ஏற்றிய தோல் அதே நிறத்தில் வந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது, அது பொய் சொல்லும். தோலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் ஆம்பூரில் எவனும் ஒத்துக்கொள்வான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவன், எனக்கு இதைவிடத் தோதான வேலை அமையாது.

என் மகள் நேர் எதிர். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, புனேவில் ஆராய்ச்சி செய்ய இடமும் வாங்கிவிட்டாள். அதே வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தான். போட்டோவைப் பார்த்த மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புனே போய் வந்த பிறகுதான் கல்யாணம் என்றாள். இதைப் பையன் வீட்டாரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கும் பொறுப்பை என் மனைவி என் தலையில் கட்டினாள். அவர்கள் மாட்டோம் என்றால் ஒன்று வரன் போகும், இல்லையென்றால் புனே போகும்.

என்ன சொல்ல வேண்டும் என்று மகள் எனக்குப் புரியவைத்தாள். வானத்தில் வெகு தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே நெருங்கி, கடைசியில் மோதி ஒன்றாகிவிடும். அதில் கிளம்புவது ஈர்ப்பு அலை. அது பூமியைக் கடக்கும்போது வெளிநாட்டில் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட கருவிகளில் பிடிக்கிறார்கள். அலை எப்படி இருக்கும் என்று ஏறக்குறையக் கணக்குப் போட்டும் வைத்திருக்கிறார்கள். கணக்கில் வந்ததையும் கருவியில் வந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இவள் வேலை. ஒப்பிடுவது என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தாள். கணக்கு சிவப்புக் கோடு, கருவி சாம்பல் கோடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையனின் அப்பா பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். பஜ்ஜியைக் கையில் எடுத்ததும் கேட்டார், "பொண்ணு இன்னாங்க ஆராய்ச்சி பண்ணப் போவுது?"

படித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. தாளை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எதையாவது சொல்லியாக வேண்டும்.

"டியூப்லைட்ல தெரியாதுங்க. வெளிய வாங்க" என்றேன்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவர் உடனே எழுந்துவிட்டார். லுங்கிக் கட்டங்களையும் வெயிலில்தான் பார்ப்பார்களாம். தெருவில் நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

"ஷேடு சேரலீங்க."

"சுத்தமா சேரலியே" என்று அவரும் வருத்தப்பட்டார்.

வாசற்படியில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மொபெட்டில் போன பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, பட்டாவில் தகராறா, சர்வேயர் தனக்குத் தெரிந்தவர்தான் என்றார். பையனும் மற்றவர்களும் பஜ்ஜித் தட்டோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே காபி கொடுக்க ஆளில்லாமல், மகளும் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பா, கலர பாக்காத. நெளிவப் பாரு."

இருவரும் குனிந்தோம். இரண்டு கோடுகளும் ஏறி இறங்கி ஒன்றாகவே ஓடின. வலது ஓரத்தில் மட்டும் சிவப்பு ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். ஓர் இழை தப்பினாலும் பிடிக்கிற மனிதர், சரியாக அங்கே விரலை வைத்தார்.

"இதோ, இங்க வெலகிப் போச்சு. கணக்கு தப்பு."

மகளின் சரக்கில் இருக்கும் குறையை நானே வெயிலுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டேன்.

மகள் அசரவில்லை. "ஆமாங்க. ரெண்டு கருந்துளையும் தூரமா சுத்துற வரைக்கும் இந்தக் கணக்கு சரியா வரும். கிட்ட வந்தா பத்தாது. எந்த எடத்துலருந்து பத்தாம போவுது, எவ்ளோ தப்புதுன்னு பாக்கத்தான் போறேன்."

"கிட்ட வந்தா கணக்கு தப்பறது எல்லா வூட்லயும்தான்" என்றாள் என் மனைவி படியிலிருந்து. "அத பாக்க புனே எதுக்கு?"

பையன் சிரித்தான். அதுவரை அவன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா சிரிக்கவில்லை. விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவும் இல்லை. ஓரம் இப்படி இருக்கும் துணியைத் தன் தறியிலிருந்தே இறக்குவதில்லை என்றார். பிறகு, "இத இப்டியே வுட்டுட்டு வந்தா மனசு அங்கயே கெடக்கும். முடிச்சிட்டு வரட்டும். எவ்ளோ நாளாவும்?" என்று கேட்டார்.

"ஏறக்குறைய ரெண்டு வருஷம்" என்றாள் மகள்.

ஏறக்குறைய என்ற சொல்லை அன்று யாரும் வெயிலில் வைத்துப் பார்க்கவில்லை. இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. பையனும் மகளும் தினமும் போனில் பேசுகிறார்கள். அவனுக்கு இப்போது என்னைவிட நன்றாக அலையைத் தெரியும். அவனுடைய அப்பா பண்டிகைக்குப் பண்டிகை எனக்குப் போன் செய்வார். கல்யாணப் பேச்சை நேராக எடுக்க மாட்டார். "அந்த ஓரம் ஒட்டிச்சாங்க?" என்று மட்டும் கேட்பார். நான் இன்னும் இல்லை என்பேன்.

போன வாரம் மகளிடமே கேட்டேன். அந்தக் கணக்கு ஒட்டவே ஒட்டாதாம். ஆனால் எந்த இடத்தில் விலகும், எவ்வளவு விலகும் என்பதைக் கண்டுபிடித்து எழுதி முடித்துவிட்டாளாம். அதை அப்படியே பையனின் அப்பாவிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் தறியை நிறுத்தச் சொன்னார்.

"அவ்ளோ தெரிஞ்சா போதுங்க" என்றார். "தையில வெச்சிக்கலாமா?"

போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய், வெயிலில் நின்று, சரி என்றேன்.