வெளிச்சம் பட்ட கடைசிப் படம்

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பளிச்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். நாள் முழுக்க ஆவி பறக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற மனிதர், எப்போதாவது சாப்பாட்டு இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து கைக்கடக்கமான ஃபிலிம் கேமரா ஒன்றை எடுப்பார். எதிரே இருப்பவர் வாயைத் துடைப்பதற்குள் பளிச்சென்று பிளாஷ் அடித்துவிடுவார்.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சுய்யா!" என்று கத்தாத ஆள் அங்கே கிடையாது.

அதற்காகக் கண்டபடி எடுத்துத் தள்ளுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிலிம் விற்கிற விலைக்கு ஒரு ரோல் ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட சட்டம். ஜனவரியில் போட்டால் டிசம்பரில்தான் வெளியே வரும். ரோலில் பாதிக்கு மேல் மனைவிதான் இருப்பாள், தையல் இயந்திரத்தின் முன் நூலைப் பல்லால் கடித்தபடி.

அந்த வருஷம் மட்டும் அவள் இல்லை.

மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்துவிட்டு, மாதாமாதம் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் தங்கியது. அவள் அலமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு பழைய துணியைத் தொங்கவிட்டாள். கேமராவைப் பார்த்தாலே தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பாவம், அவர் வேறு என்ன செய்வார்? அவளுடைய கத்தரிக்கோலை எடுத்தார், மூக்குக் கண்ணாடியை எடுத்தார், வாசலில் கிடந்த அவள் செருப்பை எடுத்தார்.

"பாக்கிறவங்க நாம செருப்புக்கடை வெச்சிருக்கோம்னு நினைக்கப் போறாங்க" என்றாள் அவள்.

"நினைக்கட்டும். வியாபாரம் நல்லா ஓடுது" என்றார் அவர்.

இன்னும் இரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டியிருந்தபோதுதான் அவள் அந்த இடியை இறக்கினாள்.

"போதுங்க. இனிமே நான் வரல."

டாக்டர் சொல்லிப் பார்த்தார். உதவிக்கு வந்து தங்கியிருந்த கணவனின் அக்காவும் கெஞ்சிப் பார்த்தாள். கணவனோ அவள் காலில் விழாத குறை. "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எதுக்குங்க போராடணும்? உள்ள இருந்தவ எப்பவோ போயிட்டா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா அலமாரியைத் துடைக்கப் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த டோப்பாவைக் கண்டெடுத்தாள். மனைவி தொட மறுத்த அந்த நீளக் கருங்கூந்தலைத் தன் நரைத்த தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நடந்து வந்தாள்.

"ஏம்மா, இப்ப என்னப் பாத்தா காலேஜ் போற பொண்ணு மாதிரி இல்ல?"

"காலேஜ் கட்டுன காலத்துல போன பொண்ணு மாதிரி இருக்கீங்க, அண்ணி!"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! சிரிப்பின் நடுவே கணவனின் கையில் கேமராவைப் பார்த்தாள். துணியைத் தேடிப் போன கை பாதியில் நின்றது.

"சரி, எடுத்துத் தொலைங்க."

பளிச்!

சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டாள். "நான் நெஜமாவே சிரிச்சேனா? அந்தப் படம் வரட்டுங்க. நான் இன்னும் இருக்கேனான்னு பாக்கறேன். அப்புறம் சொல்றேன், ஆஸ்பத்திரிக்கு வர்றதா வேண்டாமான்னு."

ரோலில் இன்னும் சில படங்கள் பாக்கி. சட்டமாவது ஒன்றாவது! மறுநாள் வேலை விட்டு வந்ததும் ஸ்டுடியோவில் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்.

மறுநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தவர் உறைந்து போனார். கேமராவின் முதுகு திறந்திருந்தது. அக்கா அதை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோப்பா எனக்கு எடுப்பா இருக்கான்னு பாக்கலாம்னு தொறந்தேன் தம்பி. உள்ள ஒண்ணையுமே காணோமே? வெறும் காப்பிக் கலரா இருக்கு?"

"அய்யோ அக்கா! வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடுமே!"

பெற்ற தாய்போல் வளர்த்தவளை அவர் அதட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அக்கா கேமராவை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அழுகைகூட இல்லை அதில். "அண்ணியத் திட்டாதீங்க. பாத்தீங்களா? படத்துலகூட நான் தங்கல."

கேமராவைப் பட்டென்று மூடிக்கொண்டு ஓடினார்.

ஸ்டுடியோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோல் போட்டதும் இது ர்ர்ர்னு ரொம்ப நேரம் ஓடுமா அண்ணே?"

"ஓடும்."

"அப்ப பாதி உசுரு பொழைச்சுது. இந்த மாதிரி கேமரா ஃபிலிம் மொத்தத்தையும் மொதல்லயே அதோட டப்பாவ விட்டு வெளிய இழுத்து வெச்சுக்கும். படம் எடுக்க எடுக்க டப்பாக்குள்ள சேத்துக்கும். எடுத்ததெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. வெளிச்சம் தின்னது நீங்க எடுக்காத படத்தத்தான்."

"கடைசியா எடுத்த படம்?"

ஸ்டுடியோக்காரரின் முகம் மாறியது. "அது டப்பா வாசல்லயே நிக்கும். அதுக்கு மட்டும் நான் வாக்குக் கொடுக்க முடியாது."

மறுநாள் படங்கள் வந்தன. உறையைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. அப்படியே மனைவியின் மடியில் வைத்தார். கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி, செருப்பு, மறுபடியும் செருப்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் அவள் கை நின்றது.

படத்தின் ஒரு பக்கம் நெருப்புப் பிடித்ததுபோல் ஆரஞ்சு வெளிச்சம் பாய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அக்காவின் முகமும் டோப்பாவும் அடையாளமில்லாமல் கரைந்து போயிருந்தன. மறுபக்கம், மொட்டைத் தலையோடு, கண்கள் இடுங்க, பல்லெல்லாம் தெரிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் தோள் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

எட்டிப் பார்த்த அக்கா பொலபொலவென்று அழுதாள். "என் மூஞ்சி போனாப் போகுது. நீ இருக்கியே தாயி, அது போதும்!"

மனைவி படத்திலிருந்த தன் தலையை விரலால் தடவினாள்.

"எனக்குக் காது இவ்வளவு பெருசா இருக்கும்னு யாருமே சொல்லலியே?"

"முடி மறைச்சிருந்துது" என்றார் அவர்.

அவள் படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "இத்தனை படத்துல நீங்க எங்கங்க? ஒண்ணுலகூடக் காணோம்?"

"நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னேன்."

"நல்லா நின்னீங்க! அடுத்த வருஷம் முன்னாடி வந்து நில்லுங்க. நான் எடுக்கறேன்."

அடுத்த வருஷம் என்றாள். அவர் அக்காவைப் பார்த்தார். அக்காவும் அதைக் கேட்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?" என்றபடி அவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிப் பையை எங்க வெச்சீங்க, அண்ணி? நாளைக்குக் காலையில சீக்கிரம் போனாத்தான் மருந்து ஏத்தற எடத்துல ஜன்னலோர நாற்காலி கிடைக்கும்."