தொடையில் ஒரு பால்ரஸ்

இப்போதெல்லாம் விமான நிலையத்தில் கதவே நம் முகத்தைப் பார்த்துத் திறக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் கையைத் தூக்கி நின்றால், என் வலது தொடையில் மட்டும் திரையில் ஒரு கட்டம் விழும். எக்ஸ்ரே படத்தை நீட்டுவேன். சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

எண்பதுகளின் பின்பாதியில் அண்ணனும் நானும் வளைகுடாவுக்கு ஓட்டல் வேலைக்குக் கிளம்பினோம். மலைப்பாதையில் மண் சரிந்து எங்கள் ஊர் ஏற்காட்டுக்கு பஸ் வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்து அடிவாரம் வரை நடந்தே இறங்கினோம். மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது விசா முடிய ஒரே நாள் பாக்கி. அன்றைய விமானத்தை விட்டால் எல்லாம் போச்சு.

பாஸ்போர்ட், சுங்கம் எல்லாம் எப்படி என்று ஏஜென்ட் பாடம் நடத்தியிருந்தார். புதிதாக வந்திருந்த, உலோகத்தைக் கண்டால் கத்தும் இரும்பு வாசல் சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் சத்தமில்லாமல் நுழைந்து, போர்டிங் கார்டில் முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். நான் நுழைந்தேன். அது கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன், சில்லறையைக் கொட்டினேன். மறுபடியும் கத்தியது.

திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், இன்ஸ்பெக்டர் கைக்கருவியால் தடவினார். பின்தொடையில் அது அலறியது. பேண்ட்டை இறக்கச் சொன்னார். தழும்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது குண்டுக் காயம். எந்த இயக்கம்டா நீ?"

இலங்கைச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். உடம்பில் குண்டோடு ஒரு தமிழ்ப் பையன் வந்து நின்றால் வேறென்ன கேட்பார்கள்? பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"எங்கப்பா சுட்டதுங்க. பன்னின்னு நெனச்சு."

அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. அப்போது எனக்குப் பத்து வயது. கரடியூர்ப் பக்கம் எங்கள் கேழ்வரகுக் காட்டில் பன்றி இறங்குகிறதென்று அப்பாவும் அண்ணனும் விடியற்காலையில் காவலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் புதரில் பதுங்கியிருந்தேன். பனிமூட்டம். வெடிச்சத்தம் மட்டும் கேட்டது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. உள்ளே குண்டுக்குப் பதிலாக சைக்கிள் சக்கரத்து இரும்பு உருண்டைகள், பால்ரஸ். கம்பவுண்டர் இரண்டை எடுத்தார், ஒன்று எலும்போரம் தங்கிவிட்டது. ஊருக்கு, வெட்டிய காப்பிக் கட்டை குத்தியதென்று சொன்னோம். அப்பா என்னிடம், "என் கைதான் தவறிப்போச்சு சாமி" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"பெத்தவனே சுட்டானா? எங்க, அந்த ஆளை வரச்சொல்லு."

"போன வருசம் செத்துப் போயிட்டாருங்க."

"செத்தவன் மேல பழி போட்டா விட்ருவோமா?" என்று போனை எடுத்தார்.

திரை இடுக்கு வழியே அண்ணன் தெரிந்தான். கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கி சொன்னது. நீயாவது போய்த் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன். போய்விடுவானோ என்று பயமாகவும் இருந்தது. அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, யார் தடுத்தும் நிற்காமல் திரைக்குள் வந்தான்.

"ஏனுங்க, அவனை உட்ருங்க. சுட்டது நானுங்க."

"ஆளுக்கொரு கதையா? ரெண்டு பேரும் உக்காருங்கடா!"

"அவனுக்குத் தெரியாதுங்க. அப்பா ஒதுங்கப் போனவரு துப்பாக்கியை என்கிட்டக் குடுத்துட்டுப் போனாருங்க. எனக்குப் பதினாலு வயசு, அவனுக்குப் பத்து. பொதரு அசைஞ்சுதுங்க. நொம்பப் பயந்துட்டேனுங்க." அவன் ஏங்கி ஏங்கி அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் போனில் டாக்டரை வரவழைத்தார். அவர் தழும்பை அழுத்திப் பார்த்தார். "சின்ன வயசுக் காயம் சார். உடம்பு வளர வளரத் தழும்பும் இழுத்துக்கிட்டு வளர்ந்திருக்கு. பத்து வயசுப் பையன் எந்த இயக்கத்துல சேருவான்?"

இன்ஸ்பெக்டர் என் கார்டில் ஓங்கி முத்திரை குத்தினார். ஓடினோம். எங்களுக்காகத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

உட்கார்ந்ததும் அண்ணன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா சொல்லலை? இத்தனை வருசம் ஏண்டா சொல்லலை?"

"அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. 'அவன் எம்மேல கோவமா இருந்தாப் பரவால்ல கண்ணு, நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்? உம்மேல கோவம் வந்துட்டா அவனுக்கு அப்பறம் யாரு இருக்கா'ன்னாரு."

விமானம் நகரத் தொடங்கியது. பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். எனக்கு இறங்கி அப்பாவிடம் ஓடிவிட வேண்டும் போலிருந்தது.