கவிழ்த்து வைத்த குண்டான்

“நீ சொன்னா அவங்க வந்துருவாங்களா, தங்கச்சி?” என்று த்வாண்டே சோத்துக்கடை அக்கா கேட்டபோது, அவர் கையில் கழுவி முடித்த சோற்றுக் குண்டான் இருந்தது. அதை வாசலில் கவிழ்த்து வைத்தார். குண்டான் கவிழ்ந்தால் அன்றைய சோறு தீர்ந்தது, கடை மூடியது என்று அர்த்தம். அரிசி ஆலை ஆட்களும் கால்வாய்ப் படகுக்காரர்களும் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பெரும்பாலும் பன்னிரண்டரைக்கெல்லாம் கவிழ்ந்துவிடும்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. யாங்கோன் நகரத்துத் தாமுவேயில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவளே நான் ஒருத்திதான். அப்பா லத்தா கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரலை நீட்டுகிறவர். நானோ சுற்றுலா அலுவலகத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். “நான் சொன்னா வருவாங்க அக்கா” என்றேன்.

த்வாண்டேக்கு மண்பானைச் சூளை பார்க்க வரும் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடித்தான் அங்கே போயிருந்தேன். வயல்களுக்கு நடுவே தகரக் கூரை, நாலு பெஞ்சு. புளிச்சக்கீரைக் கடையல், விரால் குழம்பு, மிளகு ரசம். அப்படியொரு ரசத்தை யாங்கோனில் எந்தக் கடையிலும் நான் குடித்ததில்லை. அலுவலகக் குறிப்பில் ‘நான் கண்டுபிடித்த கடை’ என்று எழுதினேன். ஓர் ஊரே வருடக்கணக்கில் சாப்பிட்டுவந்த கடையை நான் கண்டுபிடித்தேனாம்.

எங்கள் மேலாளரைச் சயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு இருபது பேரை அனுப்பச் சயா சம்மதித்தார். அக்காதான் தயங்கினார்.

“வந்து நிக்கிறவன அனுப்பிட்டு, வரப்போறவனுக்கு எடுத்து வைக்கிறதா? எனக்குப் பழக்கமில்ல.”

“இன்னொரு குண்டான் ஏத்துங்க அக்கா.”

“அடுப்பு ஒண்ணு, ஆளு ஒண்ணு. எங்கேருந்து ஏத்துறது?”

நான் விடவில்லை. வாத்தியாரம்மாவைப் போல விளக்கி விளக்கியே சம்மதிக்க வைத்தேன்.

இரண்டு சனிக்கிழமைகள் விருந்தினர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். ஆலை ஆட்கள் வந்தபோது குண்டான் நிறைய சோறு இருந்தும் இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. “வெளிநாட்டு வயித்துக்கு மட்டும்தான் பசிக்குமா, அக்கா?” என்று பர்மிய மொழியில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர்கள் ஆலையோரத்தில் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் மொஹிங்கா கடைக்குப் போனார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை யாரும் வரவில்லை. மூன்று மணிக்குச் சயாவைத் தொலைபேசியில் பிடித்தேன். “வேர்க்குதுன்னு ரெண்டு பேர் முகத்தச் சுளிச்சாங்கம்மா. ஆத்தங்கரை ஹோட்டலுக்கு மாத்திட்டேன். உனக்கு யாரும் சொல்லலையா?”

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. மூடியைத் திறந்து, ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார். “உக்காருங்க மிஸ். சாப்பிடுங்க.” அதுவரை அவருக்கு நான் தங்கச்சி. அந்தச் சோற்றை நான் தின்று முடித்தேன். ரசம் அன்றும் நன்றாகத்தான் இருந்தது.

ஆலை ஆட்கள் பிறகு திரும்பவில்லை. எங்கள் அலுவலகக் கையேட்டில் மட்டும் கவிழ்ந்த குண்டானின் படம் இன்னும் இருக்கிறது, கீழே என் வரிகளோடு. எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். “படம் அழகா இருக்கேம்மா. கடை எதுக்கு?” என்றார் சயா.

இன்று காலை என் கழுத்து அட்டையை அவர் மேஜையில் வைத்துவிட்டு, ஆற்றைக் கடந்து த்வாண்டே போனேன். மதியச் சங்கு ஊதியபோது ஆலை வாசலில் நின்று, “அக்கா கடைல சோறு இருக்கு. அன்னைக்கு உங்களத் திருப்பி அனுப்ப வெச்சது நான்தான், அவங்க இல்ல” என்று பர்மிய மொழியில் உரக்கச் சொன்னேன். “ஓ, நீதான் அந்த ஆபீஸ் பொண்ணா?” என்று ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எல்லோரும் மொஹிங்கா கடைப் பக்கம் நடந்தார்கள்.

மூன்று மணிக்கு அக்கா கடையைத் தாண்டி வந்தேன். வாசலில் குண்டான் இல்லை. உள்ளே அடுப்பின் மேல், மூடி போட்டபடி நிமிர்ந்தே இருந்தது. நாளைக் காலை த்வாண்டே போகும் முதல் படகுக்கு என்னை எழுப்பிவிடும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.