செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்

மூன்று படங்களையும் மாற்றி மாற்றித் தட்டுகிறார் மரிய ஆல்பர்ட். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. எங்கோ வெளிநாட்டுத் தொலைநோக்கி அரை மணி இடைவெளியில் எடுத்த வானம், அரியலூர் பிரவுசிங் சென்டரில் பட்டப்பகலில் விரிகிறது. "நிக்கிறது நட்சத்திரம். நவுர்றது நம்ம ஆளு" என்பார். நம்ம ஆளு என்றால் சிறுகோள்.

வரதராசன்பேட்டைக்காரர். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். பையில் இரண்டு கண்ணாடிகள். பஸ் போர்டு படிக்கத் தூரத்துக் கண்ணாடி. வானம் பார்க்கக் கிட்டத்துக் கண்ணாடி.

2003இல் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு புள்ளி அவர் கண்ணெதிரே நகர்ந்தது. 'கிரகம் கண்டுபிடித்தவர்' என்று ஊரில் பேச்சு. பஸ்ஸில் முந்திரி வியாபாரி வீராயி பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஒங்க கிரகம் எம் பேத்திக்கு எட்டாம் எடத்துல வந்து ஒக்காந்துராதுல்ல?"

"அது யாரு சாதகத்துக்கும் வராதும்மா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கெடக்கு."

"நடுவுல புதன்தானே சார்! வாராவாரம் வர்றத நீங்க என்னத்தக் கண்டுபுடிச்சீங்க?"

பஸ்ஸே சிரித்தது. அவர்தான் அதிகம் சிரித்தார். வீட்டில் சொன்னபோது மனைவி ஏஞ்சல் மேரியும் சிரித்தார்.

"சரியாத்தான கேட்டுருக்கு அந்தம்மா!"

"அந்தக் கல்லுக்கு ஒம் பேருதான் வைக்கப்போறேன், பாரு."

"போயும் போயும் கல்லுக்கா எம் பேரு?" என்றார் ஏஞ்சல் மேரி. ஆனால் வாராவாரம் விசாரித்தார்.

பெயர் வைப்பது எளிதல்ல. புள்ளி மறுபடி மறுபடி தென்பட்டு, பாதை உறுதியாகி, எண் கிடைக்க வேண்டும். அதன் பிறகே கண்டுபிடித்தவர் அதற்கு ஒரு பெயர் சொல்லலாம். ஆண்டுகள் ஆகும். 2005 மார்ச்சில் ஏஞ்சல் மேரி இறந்தார். முதலில் சர்க்கரை, பிறகு சிறுநீரகம். அடக்கம் முடிந்த இரண்டாம் சனிக்கிழமை ஆல்பர்ட் பஸ் ஏறிவிட்டார்.

2007இல் மின்னஞ்சல் வந்தது. இரண்டு முறை படித்தார். சென்டர் நடத்தும் சத்யா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், நம்பர் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. ஆனா வேற வூட்டுப் பொண்ணாம்."

அதே கல்லை வேறொரு நாட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்கு ஓராண்டு முன்பே பதிவு செய்திருந்தார். பெயர் வைக்கும் உரிமை அவருக்கு.

"அய்யோ, அப்ப வூட்டம்மா பேரு வைக்க முடியாதா?"

"கல்லு தொலைஞ்சி போவாம இருக்குல்ல, அதப் பாரு."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூன்று படங்களை இறக்கினார். கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது கணினி. ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார்: ஏஞ்சல் மேரி 2.