நரிக்குப் போன படையல்

சுடுசோற்றின் மேல் மழைத்தூறல் விழும்போது எழும் மணம் எனக்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுப் பின்வளவின் மணம். எண்பதுகளில் நான் சிறுவன். அப்பா யாழ்ப்பாணத்தில் தனியே இறந்துபோனார். எங்களால் போக முடியவில்லை. அவரின் திவச நாளில் அம்மா தலைமுழுகிச் சமைத்து, வாழையிலைக்கு வழியில்லாமல் காகிதத் தட்டில் படைத்து, வேலியோரம் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிடுவார். காகம் வாய்வைக்கும்வரை பச்சைத்தண்ணீரும் குடிக்கமாட்டார். லண்டன் காகங்களுக்கு அந்த முறை தெரியாது. ஒரு வருசம் ஒரு செந்நரி வந்து தட்டைத் துடைத்துவிட்டுப் போனது.

மேல்மாடியில் குடியிருந்த சின்னராசா அண்ணை சன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, இஞ்சத்தைக் காகத்துக்கு நாலு காலும் முளைச்சிருக்கு!"

"பகிடி விடாதை தம்பி. நான் இஞ்சை வந்திருந்து திண்டுகொண்டிருக்கிறன். அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறும் போய்ச் சேரேல்லை."

அன்று அம்மா பட்டினியோடுதான் துப்புரவு வேலைக்குப் போனார். அடுத்த திவசத்துக்கு நரியை எறிந்து கலைக்கக் குசினி வாசலில் கல் சேர்த்து வைத்தார். ஒரு கல் பட்டு நரி நொண்டிக்கொண்டு ஓடியது.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டுக் கப்பல் குசினிகளில் கோப்பை கழுவி ஊர் ஊராய்த் திரிந்தேன். தொண்ணூறுகளில் ஜப்பானில் கப்பல் நின்ற ஒருநாள், கூட வேலைசெய்த சமையற்காரன் நெல் தெய்வத்தின் பழைய கோயில் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். சிவப்பு வாசல்களுக்கு இரண்டு பக்கமும் கல் நரிகள். ஒன்றின் வாயில் நெற்கதிர். நரிகள்தான் அந்தத் தெய்வத்தின் தூதர் என்றான் அவன். சனங்கள் அவற்றின் காலடியில் சோறு வைத்துக் கும்பிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடிவந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, இஞ்சை நரிதான் நெல்லுத் தெய்வத்தின்ரை தூதுவன். அப்பாவின்ரை சோறு போய்ச் சேர்ந்திருக்கும்."

 "அப்ப, அவருக்குக் கொண்டுபோக வந்ததைத்தானே மோனை நான் கல்லாலை எறிஞ்சனான்?" என்றார்.

ஆறுதல் சொல்லப்போய் அவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டேன். அதன்பின் கடைசிவரை, திவசத்துக்கு அம்மா காகத்தைக் கூப்பிட்டதில்லை. தட்டை வைத்துவிட்டு, தலைகுனிந்து, நரி நொண்டுகிறதா என்று பார்த்தபடி நிற்பாராம்; சின்னராசா அண்ணை சொன்னார்.

இப்போது அந்த வீடு இல்லை, பின்வளவும் இல்லை, அடுக்குமாடி எழும்பிவிட்டது. அம்மாவும் இல்லை. திவசத்துக்கு நான் அந்த அடுக்குமாடியின் குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால் இரண்டு தட்டு வைக்கிறேன். யாரையும் கூப்பிடுவதில்லை. எது வந்தாலும் கலைப்பதுமில்லை.