புட்டைப் பற்றி ஒரு கேள்வி

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் ஒரு குடும்ப வைத்தியரிடம் நான் உதவியாளர். இரத்தம் எடுப்பது, தொலைபேசி, படிவம் எல்லாம் என் கையில்தான். எங்கள் டொக்டர் சுவிஸ்காரி. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டுமென்றால், அவரே நேராக ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பலாம். முதலில் ஒரு நிபுணரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவசரமா இல்லையா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். நோயாளி வாயைத் திறந்தால்தானே முடிவெடுக்கலாம்.

எங்கள் தமிழ் ஆட்கள் திறக்க மாட்டார்கள். சூரிச்சில் சமையலறையில் வேலை செய்யும் ஓர் அண்ணை, நெஞ்செரிவு என்று வந்தார். விழுங்கக் கஷ்டமா என்று டொக்டர் கேட்டார். இல்லையாம். மெலிந்தீர்களா? அதுவும் இல்லையாம். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறது, மனிதர் மெலியவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரத்தம் எடுக்கும்போது தமிழில் கேட்டேன்.

"அண்ணை, கடைசியா எப்ப புட்டுச் சாப்பிட்டனீங்கள்?"

"புட்டோ? நான் விரதம், தங்கச்சி. கஞ்சிதான். கந்தசஷ்டிக்குத் தொடங்கினது."

"கந்தசஷ்டி முடிஞ்சு மூண்டு மாசம்."

அவர் சுவரைப் பார்த்தார். "இறங்குதில்லை. வீட்டிலை சொல்லிப்போடாதை."

வீட்டில் சொல்லவில்லை. நேரே போய் டொக்டரிடம் சொன்னேன். திட உணவு மூன்று மாதமாக இறங்கவில்லை என்று அவர் படிவத்தில் எழுத, நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தக் கிழமையே தெர்மின், அதாவது கமரா விட்டுப் பார்க்க நேரம், கிடைத்தது. வெறும் நெஞ்செரிவு என்று எழுதியிருந்தால் மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

உணவுக்குழாயில் புற்றுநோய். ஆனால் வெட்டி எடுக்கக்கூடிய கட்டத்தில் இருந்தது. எடுத்தார்கள். பிறகு மனைவியோடு வந்தவர், "இவதான் என்னைப் பிடிச்சவ" என்று என்னைக் காட்டினார். அந்த அக்கா என் கையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

அதன்பிறகு டொக்டர், நோயாளிகள் நிரப்பும் எங்கள் படிவத்தில் ஜெர்மனில் ஒரு வரி சேர்த்தார்: "அண்மையில் எந்தச் சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள்?" அது என் கேள்வி. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

போன கிழமை ஒரு வயதான சுவிஸ் பெண் வந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று கோடு போட்டுவிட்டு, அந்த வரியில் மட்டும் "பாண்" என்று எழுதியிருந்தார். எங்களுக்குப் புட்டு மாதிரி, அவர்களுக்கு அந்த ரொட்டி. டொக்டர் அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தபோது, நான் ஆஸ்பத்திரி இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தேன்.