கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் இரண்டு கினிப்பன்றிகள்

எனக்கு எலி ஆகாது. எலி மட்டுமல்ல, எலியின் சாயல் உள்ள எதுவும் ஆகாது. அணில்கூட வாலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு முதுகு கூசும். பிள்ளையார் கோயிலில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிடுவதைப் பார்த்து, கல்யாணமான புதிதில் என் மனைவி என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்தாள். காலடியில் வாகனம் இருக்கிறது என்பதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ள அவளுக்குச் சில வருஷங்கள் ஆயின.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் மகள் இரண்டு கினிப்பன்றிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஹாஸ்டலில் கட்டிலுக்கடியில் வைத்து ரகசியமாக வளர்த்திருக்கிறாள். வார்டன் மோப்பம் பிடித்துவிட்டார். மோப்பம் என்று நான் சும்மா சொல்லவில்லை, அந்த நாற்றத்தைப் பிடிக்கப் போலீஸ் நாய் தேவையில்லை. சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது.

"கூட்டேரிப்பட்டு தாண்டறப்போ பக்கத்து சீட்டு அம்மா மேல லைட்டா ஒழுவிடுச்சிப்பா. ஜூஸ் பாக்கெட் ஒடஞ்சிடுச்சின்னு சொல்லிட்டேன்" என்றாள். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் எதை மோந்து பார்த்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு இன்றும் குமட்டும்.

என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெள்ளை ஒன்று, செவலை ஒன்று. இரண்டும் பெட்டை. வால் கிடையாது, கழுத்து கிடையாது. உருட்டிய களிக்கு மீசை முளைத்தது போல இருந்தன.

"பெருச்சாளியப் போயி பொட்டியில வச்சிக்கினு வந்து கீறியேடி."

"கினிப் பிக்மா. நான் வீடு எடுக்கற வரைக்கும்தான். ஒரு வருஷம். அப்பா பாத்துக்குவாரு."

அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நைட் டூட்டி முடிச்சி ரூமுக்கு வந்தா பேசறதுக்கு ஆளே இல்லப்பா. கதவத் தொறந்தா இதுங்கதான் வீச்சு வீச்சுன்னு கத்தும்" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த வார்த்தைக்குப் பிறகு அவை எலிகளாக இருந்தாலும் பாம்புகளாக இருந்தாலும், அவள் வந்து கேட்கும்போது உயிரோடு இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டு வாசற்படியை அவை தாண்டக் கூடாது.

காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில், தெருவைப் பார்த்த மாதிரி ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஷெட் போட்டேன். வெயில் ஏறினால் இந்த ஜந்துக்கள் சுருண்டு விழுந்து செத்துவிடும் என்று செல்போனில் படித்ததும் எனக்கே மயக்கம் வந்தது. அவசர அவசரமாகத் தகர ஷீட்டை மேலே போட்டுவிட்டு, மத்தியானம் தொட்டுப் பார்த்தேன்.

"தோசை ஊத்தலாம்" என்றாள் மனைவி. "மேல ஊத்தறது முறுகும், உள்ள கெடக்கறதுங்க கருகும்."

தகரத்தைக் கழற்றிவிட்டு சிமென்ட் ஷீட் போட்டு, அதன்மேல் தென்னங்கீற்று பரப்பினேன். தரையில் செங்கல் அடுக்கி உயர்த்தி, படுத்தால் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு கடப்பாக் கல்லும், ஒளிந்துகொள்ள வாயுடைந்த பானை ஒன்றும் வைத்தேன். நாலு பக்கமும் கம்பிவலை. மத்தியான வேளையில் வலைமேல் ஈரச் சாக்கு. படுக்கைக்கு மல்லாட்டைத் தொட்டி, அதாவது உரித்துப்போட்ட வேர்க்கடலைத் தோல்; தின்ன ஒலக்கூர் பக்கத்திலிருந்து வரும் காய்ந்த புல். வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் வெந்துகொண்டிருக்க, அவை இரண்டும் கல்லின் மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு ஊட்டியில் கிடப்பது போலக் கிடந்தன.

எல்லாம் சரி. கிட்டே போக வேண்டுமே. அதற்கென்று ஒரு வேஷம் கட்டினேன். மூக்கின் மேல் நீலகிரித் தைலம் நனைத்த கர்ச்சீப். கையில் பந்தி பரிமாறுகிறவர்கள் போடும் பிளாஸ்டிக் உறை. நீளமான இடுக்கி ஒன்று. கூரையோரம் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தேன். அதன் வழியாக இடுக்கியை விட்டு, கொத்தமல்லித் தண்டையும் நறுக்கிய நெல்லிக்காயையும் மேலிருந்து போடுவேன்.

"ஏங்க, புல்லு போடப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?" என்று மனைவி தினமும் கேட்பாள்.

ஒரு சாயங்காலம் செவலை குனிந்து, தன் பின்பக்கத்தில் வாயை வைத்து, அங்கேயே எதையோ எடுத்து, நிதானமாக மென்றது. மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து வேறு பார்த்தது. நான் இடுக்கியைப் போட்டுவிட்டு மகளுக்கு போன் செய்தேன். பசியில் புத்தி பேதலித்துவிட்டது, இனி என்னையும் கடிக்கும் என்று என்னென்னவோ சொன்னேன்.

"அது அப்பிடித்தாம்ப்பா. ஒரு வாட்டி செரிச்சது பத்தாது. ரெண்டாம் வாட்டி சாப்ட்டாத்தான் சத்து சேரும்."

"அத ஏன்டி சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட சொல்ற?"

"நீங்கதானப்பா போன் பண்ணீங்க."

அன்றிலிருந்து உலர்ந்த கருப்புத் திராட்சை எனக்கு இறங்குவதில்லை. அளவும் நிறமும் அப்படி ஒரு பொருத்தம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் கம்பிவலை வழியாக உள்ளே அடித்தது. நனைந்தால் சளி பிடித்துச் செத்துவிடும் என்று இதற்கும் செல்போனில் படித்திருந்தேன். நான் பிழைப்புக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறவன். கடையில் யாரும் வாங்கிக்கொள்ளாமல் விட்ட பேனர்களுக்குக் குறைவில்லை. அதில் தடிமனான ஒன்றை எடுத்துவந்தேன். அது ஒரு கண்ணீர் அஞ்சலி. செத்தவர் அண்ணன், நான் போட்டது தம்பியின் படம். தம்பியே நேரில் வந்து, தன் படத்துக்குக் கீழே இருந்த மறைவு தேதியைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட அந்த பேனரை நான் தூக்கிப் போட்டிருப்பேன். பேசாமல் போனதால் பயந்து சுருட்டி வைத்திருந்தேன்.

படம் உள்பக்கம் தெரியும்படிதான் முதலில் கட்டினேன். மறுநாள் வெள்ளையின் வாயெல்லாம் ஊதா நிறம். விஷம், நீலம் பாரித்துவிட்டது என்று நான் தெருவரை ஓடிவிட்டேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, அது அந்த மனிதரின் சட்டைக் காலரைத் தின்றிருக்கிறது என்றாள். மை வயிற்றுக்குள் போகக் கூடாது என்று பேனரைத் திருப்பிக் கட்டினேன். வெறும் பக்கம் உள்ளே, மனிதர் தெருப்பக்கம். அதோடு விட்டேனா? மிச்சமிருந்த மூன்று பக்கத்தையும் பூப்புனித நீராட்டு, காதணி விழா, கட்சிப் பொதுக்கூட்டம் என்று கட்டி மூடினேன். காற்றில் படபடக்காமல் ஓரமெல்லாம் கம்பி போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழையில் உட்கார்ந்து புழுக்கையை அள்ளிக் கொட்ட முடியவில்லை. அள்ளுவது என்பதும் எனக்குச் சாக்கு கிடைத்தால் விட்டுவிடும் வேலைதான். பழைய மல்லாட்டைத் தொட்டியின் மேலேயே புதுத் தொட்டியைக் கொட்டினேன், மறுபடி அதன் மேலே. பார்க்கச் சுத்தமாக இருந்தது. மூக்கிலோ தைலம்.

ஒரு வியாழக்கிழமை காலை மகளிடமிருந்து போன். ஞாயிறு வருகிறேன், லீவு கிடைத்துவிட்டது என்றாள். சந்தோஷமாக இடுக்கியோடு போனேன். செவலை ஓடி வந்தது. வெள்ளை பானைக்குள்ளேயே கிடந்தது. காதை வைத்தால், பழைய சைக்கிள் பம்பு போல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணோரம் பீளை கட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டுவது போலவும், மகள் ஒன்றும் பேசாமல் அந்த பேனர் தம்பியைப் போலத் திரும்பிப் போவது போலவும் மனசுக்குள் ஓடியது. பெருச்சாளி என்று சொன்ன என் மனைவிதான் உள்ளே கையை விட்டு, அதைத் தேங்காய் எடுப்பது போல எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "வண்டிய எடுங்க. நின்னுக்கினு கீறீங்க."

ஊரில் ஆடு மாடு பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவர் அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

"ஷெட்டு சார். மழைத் தண்ணி ஒரு பொட்டு உள்ள போவாது."

"காத்து?"

"அதுவும் போவாது சார்" என்றேன், பெருமையாக.

அவர் என் மூக்கின் மேல் அப்படியே இருந்த தைலக் கர்ச்சீப்பைப் பார்த்தார். மருந்து எழுதிக் கொடுத்தார். சொட்டுச் சொட்டாக ஊட்டச் சொன்னார். அப்புறம், "வீட்டுக்குப் போயி, அந்தக் கர்ச்சீப்பைக் கழட்டிட்டு, ஷெட்டுக்குள்ள தலைய விட்டு ஒரு பத்து நிமிஷம் இருங்க. தலை அதுங்க தலை இருக்கிற ஒசரத்துல இருக்கணும்" என்றார். மனைவிக்குச் சிரிப்பு வந்ததை நான் கவனிக்காதது போல இருந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செவலையையும் மனைவி வெளியே எடுத்துக்கொண்டாள். ஷெட்டின் பக்கவாட்டில் ஒரு பெரிய கதவு உண்டு. அது கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அதைத் திறந்து, மண்டி போட்டு, இடுப்பு வரை உள்ளே போனேன். தொப்பை சட்டத்தில் மாட்டியது. கன்னத்தைத் தொட்டியோடு வைத்தேன். மேலே காய்ந்த தொட்டி, அதற்குக் கீழே கொழகொழவென்று சூடாக ஏதோ ஒன்று. பூஞ்சை, புழு, ஊறிப்போன கொத்தமல்லி, அத்தனை திராட்சையும்.

மூச்சை இழுத்தேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையை ஒரு டப்பாவில் அடைத்து வெயிலில் வைத்துத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. மூக்குக்குள் கத்தி போல ஏறி, கண்ணுக்குள் போய், தொண்டையைப் பிடித்தது. பத்து நிமிஷமா? நான் ஐம்பது எண்ணினேனா என்பதே சந்தேகம். பின்னால் வரலாம் என்றால் தொப்பை விடவில்லை. "இழுடி" என்று கத்தினேன். உள்ளிருந்து கத்தியது மாடு கத்தியது போல இருந்ததாம். அவள் காலைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே வந்து தெருப்பக்கம் காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மூக்கில் கொட்டுகிறது. வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. எனக்குப் பக்கத்தில், சட்டைக் காலர் இல்லாத அந்த மனிதர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி.

எதிர்வீட்டுப் பெரியவர் குடையோடு இறங்கி வந்தார். ரிட்டயர் ஆன மனிதர், தெருவில் எந்தச் சாவு என்றாலும் முதல் ஆள். பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நாளா பாத்துக்கினே கீறேன் தம்பி. கேக்கலாமான்னு யோசனை. மச்சானா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன்.

"சின்ன வயசு. நல்லா அழுதுடு. மனசுல வச்சிக்காத." அப்புறம் மூக்கைச் சுளித்து, சுற்றிலும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இன்னும் எடுக்கலியா?"

மனைவி கினிப்பன்றிகளை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். வாசற்படியை அவை தாண்டியது அப்படித்தான். அவளுக்கு அப்போது நிபந்தனையைவிடச் சிரிப்பு முக்கியமாக இருந்தது.

அன்று பூராவும் அள்ளினேன். தைலம் இல்லாமல், வெறும் மூக்கோடு. இரண்டு முறை போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து அள்ளினேன். நாலு பக்க பேனரையும் அறுத்துப் போட்டேன். இரண்டு பக்கம் கம்பிவலையைத் திறந்தே விட்டேன். சாரல் அடிக்கும் இரண்டு பக்கத்துக்கு மட்டும், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, கயிற்றை இழுத்தால் சுருளும் மாதிரி தார்ப்பாய் கட்டினேன். இரண்டு நாளும் வெள்ளை எங்கள் சமையலறையில் பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டியில் இருந்தது. சொட்டு மருந்து ஊட்டியது நான்தான். உறை போட்டால் வழுக்கியது. வெறுங்கையில் பிடித்தேன். வெதுவெதுப்பாக, எலும்பே இல்லாதது போல, உள்ளே மட்டும் ஏதோ படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மருந்தை விழுங்கிவிட்டு என் உள்ளங்கையில் சூடாகப் பெய்தது. அருவருப்பில் எனக்கு உச்சிமுடி நட்டுக்கொண்டது, ஆனால் கையை உதறவில்லை. உதறினால் கீழே விழும்.

சனிக்கிழமை சாயங்காலம் பம்புச் சத்தம் குறைந்தது. ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்த சத்தம் கேட்டு வீச்சு வீச்சென்று கத்தியது. மகள் சொன்ன அதே சத்தம். மனைவி தூக்கத்தில், "அதுக்குக் கொத்தமல்லி போடுங்க" என்றாள்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். நடந்ததை எல்லாம் மனைவி நடித்தே காட்டிவிட்டாள், பெரியவர் உட்பட. மகள் சிரிக்கவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனாள். அப்போதுதான் இரண்டையும் அங்கே திரும்ப விட்டிருந்தேன். பெரிய கதவைத் திறந்து, உள்ளே தலையைவிட்டு, கடப்பாக் கல்லின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் வெளியே நின்று அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் வரவில்லை. உள்ளே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது அவள் கண் எரிச்சல் இல்லாமல் உலர்ந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்த திராட்சையையும்.

"துடைடி, சனியன்" என்றேன்.

சாப்பிடும்போது, "வீடு பாத்துட்டேன்ப்பா. விழுப்புரத்துலயே. அடுத்த மாசம் இதுங்களக் கூட்டிக்கினு போயிடறேன். மாடி மேல ஒரே ரூம்பு" என்றாள்.

"மேல இன்னா போட்டுக்கீது?"

"தகர ஷீட்டுதான்."

மனைவி பாயசத்தை வைத்தாள். அதில் திராட்சை மிதந்தது. டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"தகரம் ஆவாது" என்றேன். "தோசை ஊத்தற மாதிரி காயும். அதுவும் இல்லாம, மார்கழிப் பனிக்குச் சாக்குப் படுதா தைக்கக் குடுத்துட்டேன், இந்த ஷெட்டு அளவுக்கு. அசிங்கம் புடிச்சதுங்க. நீ லீவுக்கு வந்து பாத்துட்டுப் போ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து கை கழுவப் போனேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போவதில்லை.